இடது கதவு

பந்தயத்துக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது. வண்டியின் இடது கதவில் எண் இல்லை.

போன சனிக்கிழமை நசுங்கிய கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, உடைந்த வண்டிகள் கிடக்கும் மைதானத்திலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தான் மார்லிஸின் கொழுந்தன் டெல்மர். மஞ்சள் அடித்து இரண்டு நாள் காயவும் வைத்தாகிவிட்டது. இனி மார்லிஸின் வேலை. கொட்டகையின் பெரிய கதவுகளை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்து வைத்துவிட்டு, முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது. ஆகஸ்டு மாதத்துப் புழுக்கத்தில் காடே வியர்த்தது. மேற்கே ஒரு மேகம் கருத்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் பந்தயம் கிடையாது. வாரம் முழுக்க அவள் மழைக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். எதற்காக என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கத் துணிவில்லை.

மார்லிஸ் எழுதும் எழுத்து ஒரே சாதி. தடித்தது, மூலையெல்லாம் உருண்டது, முன்பக்கம் சாய்ந்தது. கல்யாணத்துக்கு முன் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தபோது மாதிரிப் புத்தகத்தில் அதைக் கண்டாள். மற்ற எழுத்துகள் எல்லாம் வரிசையில் நிற்க, அது மட்டும் எங்கேயோ கிளம்பிவிட்டது போல இருந்தது. "வயிறு முட்டத் தின்னுட்டு ஓடுறவன் மாதிரி" என்பான் அவள் கணவன் எல்டன். லிண்டர் ஊரில் ஐஸ்கிரீம் கடைப் பலகை, ரொட்டிக்கடை வேன், தேவாலயத்துக் கோழி விருந்துக்குக் கட்டும் துணி, பெண்கள் பந்தாட்டக் குழுவின் சட்டை முதுகு எல்லாவற்றிலும் அந்த எழுத்துதான். வங்கிக்காரர் கேட்டபோது மட்டும் மார்லிஸ் மறுத்துவிட்டாள். "இதுல எழுதினா, பணத்தையும் ஐஸ்கிரீம் மாதிரி கரண்டியில அள்ளிக் கூம்புல வச்சுக் குடுப்பீங்கன்னு ஜனங்க வந்து நிப்பாங்க" என்றாள். அவள் வாழ்க்கையில் அந்நியரிடம் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று எல்டன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

பந்தய வண்டிக்கு அந்த எழுத்தைப்போல வேறொன்று இல்லை. மண் பாதையில் புழுதி எழும்பினால் மெல்லிய எண்கள் கரைந்துபோகும். கோபுரத்தில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுகிறவர்களுக்குப் பருத்த எண்தான் கண்ணில் நிற்கும். பருமனிலும் ஓர் ஆபத்து உண்டு. எல்டனின் எண் முப்பத்தெட்டு. எட்டின் இரண்டு ஓட்டைகளும் தூரத்தில் அடைத்துக்கொண்டு, எட்டு வெறும் உருண்டையாகிவிடும். அதனால் ஓட்டைகளைக் கண் கேட்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விடுவாள்.

இடது கதவுதான் வம்பு. வலது கதவில் எண் வலப்பக்கம் சாய்ந்தால் வண்டி போகும் திசையில் சாய்கிறது. அதே காகிதத்தை இடது கதவிலும் வைத்து எழுதினால் எண் வண்டியின் வாலைப் பார்த்துச் சாயும். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். காகிதத்தைத் திருப்பிப் போடவும் முடியாது, மூன்று எதிர்ப்பக்கமாக வாய் பிளக்கும். ஆகவே இடது கதவுக்கென்று இடப்பக்கம் சாய்ந்த மூன்றையும் எட்டையும் தனித்தனிக் காகிதத்தில் புதிதாக வரைந்து வைத்திருந்தாள். கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை குத்தியிருந்தது. கரித்தூள் பொதிந்த துணியால் தட்டினால் கதவில் புள்ளிக்கோடு விழும்.

மார்லிஸுக்கு இடதுகைப் பழக்கம். ஈரத்தில் கை படாமலிருக்க வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள். எனவே முப்பத்தெட்டில் முதலில் எட்டு. காகிதத்தை ஒட்டி, தட்டி, எடுத்துவிட்டுத் தூரிகையை நீலத்தில் தோய்த்தாள்.

எட்டின் மேல் வளைவை இழுக்கும்போது அந்த வாரம் முழுக்க நினைவில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை எல்டன் பால் தம்ளரை இடது கை முட்டியால் தட்டிக் கவிழ்த்தான். செவ்வாய்க்கிழமை இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, நிலையைத் திட்டினான். வியாழக்கிழமை இரவு சாப்பாட்டில் பன்றி வறுவல், அவித்த சோளம், பீன்ஸ், தக்காளி. தட்டின் வலது பாதியை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் பீன்ஸ் இருக்கா?" என்றான். தட்டின் இடது பாதியில் பீன்ஸ் குவிந்து கிடந்தது. அவள் தட்டை அரைச்சுற்று திருப்பி வைத்தாள். "அட" என்று சொல்லிவிட்டு அதையும் தின்றான்.

போன சனிக்கிழமை வண்டி உருண்டபோது மேல் கம்பியில் அவன் தலை இடித்தது. மருத்துவர் வருஷம் என்ன என்று கேட்டார். கண்ணில் விளக்கடித்தார். ஒரு வாரம் பால் லாரி ஓட்டாதே என்று அனுப்பிவிட்டார்.

எட்டு முடிந்தது. தூரிகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது எல்டன் உள்ளே வந்தான். பின்னால் டெல்மர், கையில் ஸ்பேனரோடு, வண்டியின் அந்தப் பக்கம் போய்க் குனிந்தான்.

எல்டன் கதவுக்கு நேராக நின்று இடுப்பில் கைவைத்தான். மார்லிஸ் எழுதிய எண்ணைப் பார்வையிடுவது அவனுக்குப் பூசை மாதிரி. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அங்கே கொஞ்சம் தொப்பை கூட, இங்கே கொஞ்சம் இடுப்பு குறை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டான்.

"முடிச்சுட்டியா? ஜோரா இருக்கு புள்ள."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை.

"முடிஞ்சுதுன்னா சொல்ற?"

"பின்ன? முப்பத்தெட்டு இப்பவே ஓடிருச்சு. நாங்கதான் பின்னாடியே போய்ப் பிடிக்கணும்."

எட்டுக்கு இடப்பக்கம் வெறும் மஞ்சள். கரிப்புள்ளி ஒன்றுகூட இல்லை. மூன்றின் காகிதம் அவள் மடியில் இருந்தது.

"எட்டு எப்படி இருக்கு?" என்றாள்.

"ரெண்டு ஓட்டையும் நல்லாத் தெரியுது. கோபுரத்துக் கிழடுகளுக்குக்கூடத் தெரியும்."

"மூணு?"

"மூணுக்கு என்ன?"

"மூணு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

எல்டன் சிரித்தான். "மூணு எங்க போகும்? பதினஞ்சு வருஷமா அங்கதான இருக்கு."

வண்டியின் அந்தப் பக்கம் ஸ்பேனர் சத்தம் நின்றது.

எல்டன் குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கேட்டுக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தான். கொட்டகைக் கதவோரத்தில் இருந்த சக்கரம் அவன் இடது காலில் தட்டியது. அதை ஒரு உதை விட்டுப் போனான். டெல்மர் மெதுவாகச் சுற்றிவந்து கதவைப் பார்த்தான். எல்டனுக்கு எட்டு வயது இளையவன். அண்ணன் ஓட்டுவதற்கென்றே வண்டிகளைப் பிரித்து மாட்டிக் கற்றவன்.

"மூணு எங்க?" என்றான் டெல்மர்.

"இன்னும் எழுதல."

"அப்ப அவன்..."

"ஆமா."

டெல்மர் தொப்பியைக் கழற்றி, மீண்டும் போட்டுக்கொண்டான்.

"விளையாடிருப்பான். அவன் விளையாட்டு உனக்குத் தெரியாதா?"

"வியாழக்கிழமை அரைத் தட்டு தின்னான் டெல்மர். மீதி அரைத் தட்டு இருக்குறதே அவனுக்குத் தெரியல. கண்ணை மூடிட்டா நமக்கு இருட்டாவது தெரியும். அவனுக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்குங்கிற நினைப்பே இல்ல."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி டெல்மர் கேட்டதில்லை. சோளக்காட்டைப் பார்த்து நின்றான்.

"இன்னிக்குக் கடைசிப் பந்தயம் மார்லிஸ். இருபத்தஞ்சு சுத்து. முதல் ஆறுக்குள்ள வந்தாப் போதும், வருஷக் கோப்பை நமக்கு. பதினஞ்சு வருஷமா கிடைக்காதது."

"எல்லாச் சுத்தும் இடது பக்கந்தான திரும்பணும்?"

டெல்மர் ஸ்பேனரைத் தரையில் வைத்தான்.

"உள்பக்கமா ஒருத்தன் ஏறி வந்தா?"

"காதுல கேட்டு ஓட்டுறவன் அவன். எந்த வண்டி எங்க வருதுன்னு இன்ஜின் சத்தத்துலயே சொல்லுவான்."

"இருபது இன்ஜின் சத்தத்துலயா?"

"சரி, போய்ச் சொல்லு!" டெல்மரின் குரல் உயர்ந்து, வீட்டைப் பார்த்துத் தாழ்ந்தது. "சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? பந்தயம் மட்டுமா போகும்? லாரி லைசென்ஸும் போகும். திங்கக்கிழமையிலிருந்து பால் யார் எடுப்பா? அவனை நாற்காலியில உக்கார வச்சுட்டு நீ ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை எழுதிக் குடும்பம் நடத்துவியா? ஸ்டியரிங் இல்லாத எல்டனை நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். பட்டாளத்துலிருந்து வந்த வருஷம். அந்த எல்டன் உனக்கு வேணாம்."

மார்லிஸ் மடியிலிருந்த காகிதத்தைத் தடவினாள். ஊசித் துளைகள் விரலில் சொரசொரத்தன.

"எழுது. நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன். திங்கக்கிழமை நானே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். என் அண்ணன், எனக்கு அக்கறை இருக்காதா? எழுது மார்லிஸ்."

அவள் எழுதினாள். மூன்றின் வயிறுகள் இரண்டும் உருண்டு, முன்னால் சாய்ந்து, எட்டுக்கு வழிகாட்டிக்கொண்டு போவது போல வந்தன. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல மூன்றை அவள் எழுதியதில்லை. கை நடுங்கும் என்று பயந்தாள். நடுங்கவில்லை. அதுவே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

நண்பகலில் மேகம் வந்தது. கொட்டகைத் தகரத்தில் பட்டாணி கொட்டுவது போல மழை அடித்தது. மார்லிஸ் சமையலறைச் சன்னலில் நின்று, விடாதே விடாதே என்று அதைக் கெஞ்சினாள். எல்டன் மேசையில் உட்கார்ந்து ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு முன் ரொட்டிக்குள் இறைச்சி வைத்து வெட்டாமல் ஒரே துண்டாகக் கொடுத்திருந்தாள்.

"என்ன, உன் மூஞ்சில மழை வந்தா வெயிலடிக்குது?" என்றான்.

"திங்கக்கிழமை கண் டாக்டர்கிட்ட போலாமா எல்டன்?"

"எதுக்கு?"

"அங்கங்க இடிச்சுக்கற."

"வீட்டை மாத்தி வச்சா இடிக்காம என்ன பண்ணும்? தம்ளரை எங்கயாவது வைக்கற, சக்கரத்தை எங்கயாவது போடற." தலையைத் தேய்த்தான். "தலைவலி இருக்கு. அவ்வளவுதான். அதைப் போய் ஊர்ல சொல்லி வைக்காத. ஒருத்தனுக்குத் தலைவலின்னா, அவனுக்கு வயசாயிருச்சுன்னு சின்னப் பயலுக முறுக்கிக்கிட்டு வருவானுக."

"இன்னிக்கு ஒரு நாள் ஓட்டாம இருந்தா?"

அவன் ரொட்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே அவனுக்கு வலப்பக்கம் நின்றிருந்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட என்னை ஓட்டாதன்னு சொன்னதில்ல மார்லிஸ். உருண்ட அன்னிக்குக்கூடச் சொல்லல. அதனாலதான் உன்னைக் கட்டினேன்னு டெல்மர்கிட்ட சொல்லுவேன். இன்னிக்குச் சொல்லாத."

சொல்லிவிட்டு மீண்டும் தின்னத் தொடங்கினான். அவள் வாயைத் திறந்தாள். ரேடியோக்காரன் மேகம் கிழக்கே நகர்ந்துவிட்டது என்றான். தகரத்தில் சத்தம் ஓய்ந்தது.

பாதை நனைந்து கிடந்ததால் வண்டிகளை முன்னோட்டம் விடவில்லை. லாரிகளை மெல்ல ஓட்டி மண்ணை இறுக்கினார்கள். நேரே பந்தயம்தான் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதைக் கேட்டு மார்லிஸ் பலகைப் படிக்கட்டின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தால் யாருக்காவது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையும் போயிற்று.

வண்டிகள் நிற்கும் இடத்துக்குள் பெண்கள் போகக் கூடாது. தகரக் கேட்டில் சங்கிலி தொங்கும். பக்கத்தில் காவலுக்கு ஓர்வில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே நிற்கும் வண்டிகளில் ஏழில் மார்லிஸின் எண்கள் இருந்தன. ஆனால் அவள் எழுத வேண்டுமானால் வண்டியைத்தான் அவளிடம் கொண்டுவர வேண்டும். கேட்டுக்குள் கால் வைத்த பெண்ணால் சக்கரம் கழன்றது, இன்ஜின் பற்றியது என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கணவன் உள்ளே தீயில் மாட்டிக்கொண்டபோது சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியவளைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அதை மெச்சிப் பேசுவார்கள், தாண்டவில்லை என்பதற்காக.

"இந்த இடம் யாருக்காவது பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

லவோன். பந்தயம் ஓட்டும் கர்ட்டின் மனைவி. ஏழு மாத வயிறு. கையில் காகிதத்தில் சுற்றிய பொரித்த இறைச்சி ரொட்டி, அவள் முகத்தைவிடப் பெரியது.

"உக்காரும்மா."

"பாதியாவது எடுத்துக்குங்க. இல்லன்னா பூராவும் நானே தின்னுருவேன். டாக்டர் திட்டுறாரு." பிட்டு நீட்டினாள். "கர்ட் ராத்திரி பூரா தூங்கல. முதல் தடவையா முன்வரிசையில கிளம்புறான். உங்க வீட்டுக்காரரோட பக்கத்துல."

மார்லிஸின் கையில் ரொட்டி அப்படியே நின்றது.

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். எல்டனுக்கு இடது கைப் பக்கம்." லவோன் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அதுல எவ்வளவு நிம்மதி தெரியுமா? நானே கர்ட்கிட்ட சொல்லிட்டேன், 'எல்டனை ஒட்டியே போ, அவர் உனக்கு வழி விடுவாரு, அந்த மனுஷன் யார் மேலயும் வண்டியை ஏத்தினதில்ல'ன்னு. அவர் பக்கத்துல இருக்குறதுதான் இந்தப் பாதையிலயே பத்திரமான இடம்னு எங்கப்பா சொல்வாரு."

"ஆமா" என்றாள் மார்லிஸ். அந்த ஒரு சொல் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது என்ன சொல் என்று அவளுக்கு உறைத்தது.

கீழே வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டிரண்டாக நிறுத்தினார்கள். மஞ்சள் வண்டி வெளிப்பக்கம், கர்ட்டின் சிவப்பு வண்டி உள்பக்கம். இங்கிருந்து வலது கதவின் முப்பத்தெட்டு தெரிந்தது. பருத்து, உருண்டு, இப்போதே கிளம்பிவிட்டது போல. அதன் அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், கர்ட் கையுறையை மாட்டிக்கொண்டு லவோனைத் தேடிப் படிக்கட்டைப் பார்த்தான். லவோன் ரொட்டியைத் தூக்கி ஆட்டினாள்.

மார்லிஸ் எழுந்தாள்.

"கழிப்பறையா? வரிசை நிக்குது" என்றாள் லவோன்.

கேட்டருகில் ஓர்வில் சுருட்டை வாயின் மறு ஓரத்துக்குத் தள்ளினார். "என்ன மார்லிஸ், ஏதாவது எழுத விட்டுப்போச்சா? தூரிகையை என்கிட்ட குடு, டெல்மர்கிட்ட குடுத்துடறேன்."

அவள் குனிந்து சங்கிலிக்கு அடியில் நுழைந்தாள்.

"ஏய்! மார்லிஸ்! உனக்கென்ன கிறுக்கா? பொம்பளைங்க வரக்கூடாதும்மா!"

ஈர மண் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒரு செருப்பு கழன்று நின்றுவிட்டது. யாரோ சீட்டி அடித்தான். "பாவாடை வருது, ஸ்பேனரை ஒளிச்சு வைங்கடா!" சிரிப்பு எழுந்தது. அவள் முகம் பற்றி எரிந்தது. பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டாலே அழுதவள் அவள். டெல்மர் வண்டிகளுக்கு இடையே புகுந்து ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

"வேணாம். வேணாம் மார்லிஸ். நாம பேசிக்கிட்டோம்ல?"

"நீ பேசின."

"அவனைக் கொன்னுராத."

அவள் கையை உருவிக்கொண்டு இரண்டு வண்டிகளுக்கும் நடுவே போனாள். காலையில் எழுதிய கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். எல்டன் தலைக்கவசம் போட்டு, பட்டைகளை இறுக்கிக் கட்டி, நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சன்னலில் கை வைத்தாள். அவன் தோளுக்கும் அவள் கைக்கும் இடையே ஒரு சாண்.

"எல்டன்."

அவன் வலப்பக்கம் திரும்பினான்.

"மார்லிஸ்? நீ எப்படி உள்ள வந்த?"

"நான் இங்க இருக்கேன்."

கண்ணாடி வழியே முன்னால் பார்த்தான். மறுபடி வலப்பக்கம், இன்னும் தூரமாக, வேலி வரைக்கும் தேடினான்.

"எங்க நிக்கிற? விளையாடாத புள்ள, கொடி ஆட்டப் போறாங்க. எங்க இருக்க?"

சீட்டி அடித்தவன் நிறுத்தியிருந்தான். சிவப்பு வண்டிக்குள் கர்ட் அவளையும் எல்டனையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூச்சு வாங்க ஓர்வில் வந்து சேர்ந்தார்.

"மார்லிஸ், வெளிய போ. எதுவா இருந்தாலும் பந்தயம் முடிஞ்சு பேசிக்கலாம். இன்ஜினைக் கிளப்பப் போறோம்."

எல்டனின் கை சாவியைத் தேடிப் போனது. அவள் சன்னல் வழியே உள்ளே கைவிட்டு அவன் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் திடுக்கிட்டு உதறினான், யாருமில்லாத இடத்திலிருந்து ஒரு கை வந்தது போல.

அவள் குரல் எப்போதும் அடுத்த அறைக்குப் போனதில்லை. இப்போது இருபது வண்டிகளுக்கும் கேட்டது.

"ஓர்வில், கொடியை ஆட்ட விடாதீங்க. எல்டனுக்கு இடது பக்கம் கண்ணு தெரியல."